மங்கைப் பாறை

காபி ஆறிப்போச்சு. மேல ஆடை படிஞ்சு, ஃபேன் காத்துல அது சுருங்கிச் சுருங்கி விரியுது. எல்லாரும் குடிச்சு முடிச்சாச்சு. பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கிற அம்மா முழங்கையால இடிக்கிறா, குடிடி மங்கை, குடிக்காம வெச்சிருந்தா பொண்ணு புடிக்கலன்னு நெனச்சுக்குவாங்க. எப்படிம்மா குடிப்பேன். எல்லாம் ஒழுங்காத்தானே போயிட்டிருந்துது. தம்பி பரிதிக்குப் பொண்ணு பாக்க வந்தோம், ஃபேனுக்கு அடியில உக்கார வெச்சாங்க, பஜ்ஜி குடுத்தாங்க, கையெல்லாம் எண்ணெய், கழுவிட்டு வர்றேன்னு நானே எழுந்து பின்பக்கம் போனேன். போகாம இருந்திருக்கலாம். கைக்குட்டையில தொடச்சுட்டு உக்காந்திருந்தா இந்நேரம் நானும் சிரிச்சுப் பேசிட்டிருப்பேன். ஐயோ, இப்படியும் நெனைக்கத் தோணுதே எனக்கு! பின்பக்கம் ஒரு உறைக்கிணறு. இந்தக் கத்திரி வெயில்ல, ஊரே குடத்தத் தூக்கிட்டு அலையற நேரத்துல, குனிஞ்சா கைக்கு எட்டுற அளவுக்குத் தண்ணி. கண்ணாடி மாதிரி தண்ணி. அதுல நுரை இன்னும் அடங்கல. கிணத்தோரம் மண்ணு பூரா ஈரம், தடி டியூப்பை இழுத்துட்டுப் போன தடம் சந்து வரைக்கும். நாங்க வர்றப்ப தெருவ அடைச்சுக்கிட்டு ஒரு தண்ணி லாரி நின்னுதே, கோதண்டம் மாமா வேன்லருந்து தலைய நீட்டி "யோவ், வண்டிய எடுய்யா, நல்ல நேரம் போவுது"ன்னு கத்தினாரே, அந்த லாரிதான். சரி, வெயில் காலம், தண்ணி வாங்குறாங்க, இப்ப யாருதான் வாங்கலன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம்தான் உறையப் பாத்தேன். தண்ணிக்கு மேல தெரியுற சிமெண்டுல மஞ்சளா ஒரு வளையம். தண்ணிக்குள்ள எறங்க எறங்க இன்னும் மஞ்சளா. பாசின்னா பச்சையா இருக்கும், வழவழன்னு இருக்கும். இது காஞ்ச மஞ்சள். இந்த மஞ்சள நான் ஆறு வருஷமா போட்டோவுல பாக்குறேன், ரிப்போர்ட்ல பாக்குறேன், குரோமியம். தலைய நிமுத்தினா எதிர்ல செவுத்துல சிவப்பு பெயிண்டுல ஒரு நம்பர், பக்கத்துல எங்க கம்பெனி முத்திரை. ஏழு. என்னோட ஏழாம் நம்பர் கிணறு.

எனக்கு ஏழுங்கறது ஒரு புள்ளி. மேப்புல ஒரு நீலப் புள்ளி. அதுக்கு வீடு கிடையாது, உறை கிடையாது, துவைக்கிற கல்லு கிடையாது, கொடியில காயுற பாவாடை கிடையாது. என் வேலை அப்படி. ஊர் ஓரத்துல மூடிக் கெடக்குற தோல் பதனிடற ஷாப்பு, அத நடத்தினவன் மலையாட்டம் கொட்டிட்டுப் போன குரோமியக் கழிவு, மழை பெஞ்சு பெஞ்சு அதுலருந்து பூமிக்குள்ள எறங்குன விஷம், அது எந்தப் பக்கம் நகருது, எங்க போர் போட்டு உறிஞ்சினா வெளிய எடுக்கலாம், இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்கறதுதான் என் வேலை. பூமிய ஒரு வாட்டி தோண்டிட்டா தோண்டினதுதான், கம்ப்யூட்டர்ல ஆயிரம் வாட்டி தோண்டலாம், அழிக்கலாம், மறுபடி தோண்டலாம்னு கேக்கறவங்ககிட்ட எல்லாம் பீத்திக்குவேன். ஊர்க் கிணத்துலருந்து எங்க ஆளுங்க பாட்டில்ல தண்ணி கொண்டு வருவாங்க, லேப்ல பாப்பாங்க, நம்பர் எனக்கு வரும். கம்ப்யூட்டர் சொல்றதும் கிணறு சொல்றதும் ஒத்துப்போகணும். எல்லாக் கிணறும் ஒத்துச்சு, ஏழு மட்டும் அடம் புடிச்சுது. ஏரிக்கோடித் தெருவுக்கு விஷம் எப்பவோ வந்தாச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நான் சுத்தம்னு கிணறு சொல்லுது. ஒரு வாட்டி இல்ல, எடுக்கற வாட்டியெல்லாம் சுத்தம். யார நம்புறது? கிணத்தத்தான் நம்பணும், நாங்க படிச்ச படிப்பு அப்படி. கிணறு நேர்ல பாத்த சாட்சி, கம்ப்யூட்டர் நாம சொல்லிக்குடுத்தது. அதனால கம்ப்யூட்டரத் திருத்தினேன். ஷாப்புக்கும் இந்தத் தெருவுக்கும் நடுவுல, மண்ணுக்கு அடியில ஒரு பாறைச் செவுரு இருந்தா விஷம் இந்தப் பக்கம் வராது இல்லையா? பக்கத்து மலையில அப்படிக் கரும்பாறை ஓடுது, இங்கயும் ஓடலாம், ஏன் ஓடக்கூடாது. மவுஸப் புடிச்சு ஒரு கோடு இழுத்தேன். பாறை வந்துடுச்சு. ஏழு ஒத்துக்கிச்சு. ஆபீஸே கைதட்டுச்சு. எங்க தலைவர் ஞானப்பிரகாசம் சார் கேக் வாங்கிட்டு வரச் சொன்னார், அந்தக் கோட்டுக்கு மங்கைப் பாறைன்னு பேரே வெச்சார். அது உண்மையிலயே அங்க இருக்கான்னு யாரும் தோண்டிப் பாக்கல. கம்ப்யூட்டரும் கிணறும் ஒத்துக்கிட்டப்புறம் எதுக்குத் தோண்டணும்? இப்ப அந்தப் பாறை மேல சாஞ்சுதான் மொத்தத் திட்டமும் நிக்குது. ஷாப்புப் பக்கம் வரிசையா குழாய் எறக்கியாச்சு, அது வழியா தண்ணிய அழுத்தி உள்ள விட்டா விஷம் நகரும், இந்தப் பக்கம் பாறை தடுக்கும், வேற வழியில்லாம அந்தப் பக்கம் போகும், அங்க உறிஞ்சி எடுத்துச் சுத்தம் பண்ணலாம். நாளைக்குக் காலையில கலெக்டர் வந்து சுவிட்ச் போடறார். பந்தல் போட்டாச்சு, நாற்காலி எறக்கியாச்சு. பாறை இல்லைன்னா? பாறை இல்லைன்னா அழுத்துற அழுத்தத்துல அது நேரா இங்கதான் வரும். இந்தத் தெரு, தெருவுக்குப் பின்னாடி பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி பாதி ஊருக்குத் தண்ணி குடுக்கற போர். நானே முதுகுல கைய வெச்சுத் தள்ளிவிட்ட மாதிரி வரும்.

"எம் பொண்ணு இந்த ஊருக்கு அடியில இன்னா இருக்குதுன்னு கம்ப்யூட்டர்லயே பாத்தவ" அம்மா ஆரம்பிச்சுட்டா. அம்மா, வேணாம்மா. "ஏரிக்கோடித் தெருதான் நல்ல தண்ணித் தெருன்னு அவதான் சொன்னா. தப்பா நெனச்சுக்காதீங்க, மஞ்சத் தண்ணி ஓடற பக்கமா இருந்தா நான் பொண்ணே எடுத்திருக்க மாட்டேன்." சொல்லிட்டா, நடு ஹால்ல உக்காந்து சொல்லிட்டா. அதுவும் என் வாயால வந்ததுதானே. தரகர் ஜாதகம் கொண்டு வந்தப்ப இந்த ஊர்ப் பேரக் கேட்டதும் அம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு. அந்தப் பக்கத்துப் பொண்ணுங்களுக்குக் கையெல்லாம் புண்ணாம், வயித்துல புள்ள தங்காதாம், ஊர்ல பேசற பேச்சு. நான்தான் லேப்டாப்பத் தெறந்து காட்டினேன், இதோ பாரும்மா, சிவப்பெல்லாம் கெட்ட எடம், இந்தத் தெரு நீலம், பயப்படாம போய்ப் பாருன்னு. அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்த நீலத்த விரலால தொட்டுப் பாத்தா. ஸ்கிரீன்ல அவ விரல் ரேகை ரெண்டு நாள் இருந்துது. அந்த நீலத்த நம்பித்தான் இன்னிக்குப் பட்டுப்புடவை கட்டிட்டு வந்து உக்காந்திருக்கா. பொண்ணோட அப்பா தட்சணாமூர்த்தி, அரிசி மில்லு மேஸ்திரி, கை கட்டி நிக்கிறவரு, "ஆமாங்க, கம்ப்யூட்டரே சொல்லிட்டுதே, அதுக்கு மேல இன்னா வேணும்"னு சிரிக்கிறார். என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடறார். அடப்பாவி மனுஷா, கிணத்துல நுரை அடங்கல, எப்படிய்யா இப்படிச் சிரிக்கிற? அந்த முகத்துல திருட்டுத்தனம் இருக்கான்னு தேடறேன், கண்ணுல தேடறேன், உதட்டுல தேடறேன், ஒண்ணும் காணோம். நெஜமான சந்தோஷம்தான் இருக்கு. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

பொண்ணு பேரு நிரோஷா. பாயில அவங்கம்மா லோகநாயகி பக்கத்துல உக்காந்திருக்கா. நான் பின்பக்கத்துலருந்து வந்தப்ப அவதான் காபி குடுத்துட்டிருந்தா, எனக்கும் நீட்டினா, நான் அவ முகத்தப் பாக்கவே இல்ல, டம்ளரப் பாத்தேன். இப்பப் பாக்குறேன். மாநிறம், நீள மூக்கு, தலை நெறைய கனகாம்பரம். கைய மடியில மடிச்சு முந்தானைக்குள்ள வெச்சிருக்கா. வெக்கமா? இல்ல எங்கம்மா சொல்ற புண்ணா? சீ, நான் எதுக்கு அவ கையத் தேடறேன், நானும் எங்கம்மா மாதிரியே பாக்குறேனே. பரிதி ஓரக்கண்ணால அவளப் பாத்துட்டு சட்டைக் காலர இழுத்து விட்டுக்கறான், அவனுக்குப் புடிச்சுப்போச்சு, எனக்குத் தெரியாதா அவன. இரு, இரு மங்கை, பதறாத. இன்னிக்கு மட்டும் ஊத்தியிருக்கலாம். பொண்ணு பாக்க வர்றாங்க, வீடு வெள்ளையடிக்கிறாங்க, வாடகைக்கு நாற்காலி வாங்கிப் போடறாங்க, அதே மாதிரி கிணத்துலயும் ரெண்டு லாரித் தண்ணி. அவ்ளோதான். எங்க ஆளுங்க பாட்டில் புடிக்க வந்தப்ப எதுக்கு ஊத்தப் போறாங்க? அது வேற, இது வேற. ஆனா உறை மஞ்சளா இருக்கே. உறை மஞ்சள்னா தண்ணி மஞ்சளா இருந்திருக்கு. பாட்டில் மட்டும் எப்படி சுத்தமா வரும்? சுத்தமா வரணும்னா அன்னிக்கும் ஊத்தியிருக்கணும். ஊத்தணும்னா நாங்க வர்றது முன்னாடியே தெரியணும். தெரியும். தெரியுமே! முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிட்டுப் போங்க, பொம்பளைங்க குளிக்கிற எடம், திடீர்னு போய் நிக்காதீங்கன்னு எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு, நான்தான். மரியாதைன்னு நெனச்சேன். சொல்லிடலாமா இப்பவே? சொன்னா என்ன ஆகும், அம்மா எழுந்துடுவா, மாமா வேன் டிரைவருக்கு போன் போடுவார், மஞ்சத் தண்ணி வீடுன்னு இந்தப் பொண்ணு தலையில முத்திரை விழும். இவ தலையில மட்டுமா, தெருவுல எத்தன வீடு, எத்தன பொண்ணுங்க, எல்லார் தலையிலயும் விழும். சரி, வாய மூடிட்டுக் காபியக் குடிச்சுட்டுப் போயிடலாமா? நாளைக்குக் கலெக்டர் சுவிட்ச் போடுவார், பேண்டு வாசிப்பாங்க, எனக்குப் பொன்னாடை போத்துவாங்க, மண்ணுக்கு அடியில சத்தமே இல்லாம அது நகர ஆரம்பிக்கும். என் தம்பி பொண்டாட்டி பொறந்த வீட்டுக்கு. பிரசவத்துக்கு இங்கதானே வருவா. ஐயையோ. நெனைக்க நெனைக்க ஒரே எடத்துல வந்து முட்டுது. கேட்டுடணும். அவகிட்டயே கேட்டுடணும்.

எழுந்துட்டேன். "நான் பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை தனியா பேசட்டுமா?" அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு, நாத்தனார் ஆகப் போறவ பேசறேன்னு சொன்னா பாதி முடிஞ்ச மாதிரிதானே. காபி டம்ளர கீழ வைக்க மறந்து கையிலயே எடுத்துட்டு உள் ரூமுக்குப் போறேன். கட்டில், மேல மடிச்சு வெச்ச போர்வை, செவுத்துல டெய்லரிங் கோர்ஸ் சர்டிஃபிகேட். நிரோஷா பின்னாடியே வந்து கதவ ஒருக்களிச்சு சாத்திட்டு நிக்கிறா. என்ன சமைக்கத் தெரியும், எது வரைக்கும் படிச்சிருக்கன்னு கேப்பேன்னு தயாரா நிக்கிறா. "நிரோஷா, கிணத்துல லாரித் தண்ணி எப்பெல்லாம் ஊத்துவீங்க?" பொண்ணுக்கு முகம் வெளுத்துப்போச்சு. கதவப் பாக்குறா, என்னைப் பாக்குறா. "கல்யாணத்த நிறுத்தறதுக்குக் கேக்கலம்மா, சத்தியமா இல்ல. சொல்லு." குரலத் தாழ்த்தி, "யார்னா வெளியாளு வந்தா ஊத்துவோம்கா. பழைய தண்ணிய மோட்டார் போட்டு எறைச்சிட்டு ஊத்துவோம். எங்க வீடு மட்டும் இல்லக்கா, தெருவே அப்பிடித்தான். பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல கெணத்ததான் எட்டிப் பாக்கறாங்க." "பாட்டில்ல தண்ணி புடிக்க வர்றாங்களே, அவங்க வந்தா?" "அவங்களும் வெளியாளுதானேக்கா. போன் பண்ணிடுவாங்க, உடனே லாரிக்குச் சொல்லிடுவாரு அப்பா. கெட்ட தண்ணின்னு பேப்பர்ல வந்துட்டா இந்தத் தெருவுல யாருக்கா பொண்ணு எடுப்பாங்க?" அவ்ளோதான். ஒரே வரியில என் பாறை போயிடுச்சு. ஆறு வருஷம் படிச்சுப் படிச்சு நான் வெச்ச பாறைய இவங்க வீட்டு லாரி டியூப்பு அடிச்சுட்டுப் போயிடுச்சு. கோவம் வரணும், வரல. நான் இவங்கப்பனா இருந்திருந்தாலும் ஊத்தியிருப்பேன். ஒண்ணே ஒண்ணப் புடிச்சுக்கிட்டேன் மனசுக்குள்ள, முழுகுறவ கையில கெடச்சதப் புடிக்கிற மாதிரி. "சரி, விடு. குடிக்கறதுக்குத்தான் நகராட்சி லாரி வருதே. நல்ல வேளை, கிணத்துத் தண்ணிய நீங்க குடிக்கறதில்ல." நிரோஷா என்னைப் பாத்தா. "அத நிறுத்திட்டாங்களேக்கா. உங்க மேப்பு வந்துதில்ல, அதுல எங்க தெரு நல்ல தண்ணின்னு போட்டிருந்துதாம், அதனால இங்க லாரி தேவையில்லன்னுட்டாங்க. பொங்கலுக்கு அப்புறம் வரல." "அப்ப எதக் குடிக்கிறீங்க?" "கெணத்துத் தண்ணிதான். காய்ச்சித்தான்கா குடிப்போம், துணியில வடிகட்டி." நான் கட்டில்ல உக்காந்துட்டேன். காய்ச்சினா போகாதும்மா அது. கொதிக்கக் கொதிக்க தண்ணிதான் போகும், அது அப்படியே நிக்கும். "நிரோஷா, உங்களுக்குத்தான் தெரியுமே, ஊத்தினது நீங்கதானே! மேப்பு பொய்யின்னு உலகத்துலயே உங்களுக்குத்தானேம்மா தெரியும்?" என் குரல் கீச்சுன்னு வந்துது, எனக்கே கேக்கச் சகிக்கல. அவ குழந்தைக்குச் சொல்ற மாதிரி பொறுமையா சொல்றா. "இல்லக்கா, நாங்க ஊத்தறது மேலதானே. கம்ப்யூட்டரு பூமிக்கு அடியில பாக்குமாமே. பாட்டில் புடிக்கிறவங்கள ஏமாத்தலாம், அத ஏமாத்த முடியுமா? அதுவே நல்ல தண்ணின்னு சொல்லிட்டுதுன்னா, அடியில சரியாயிடுச்சின்னுதானே அர்த்தம்னு அப்பா சொன்னாரு. மழைக்கு அப்புறம் கலரும் கொறைஞ்சிடுச்சிக்கா. இப்ப வெள்ள சொம்புல புடிச்சாத்தான் லேசா தெரியும். அவ்ளோ சந்தோஷப்பட்டாரு அப்பா. தெருவுக்கே சாக்லெட்டு குடுத்தாரு."

சாக்லெட். எங்க ஆபீஸ்ல கேக், இங்க சாக்லெட். நான் இவங்க கிணத்த நம்பினேன், இவங்க என் கம்ப்யூட்டர நம்பினாங்க. நான் கண்ண மூடிட்டு நம்பினதுக்காவது எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு சாக்கு இருக்கு. தன் கையால தண்ணி ஊத்தி, தன் கையால பொய் பண்ணி, அந்தப் பொய் என்கிட்ட வந்து கலர் அடிச்சு கோடு போட்டுத் திரும்பிப் போனதும், இந்த மனுஷனுக்கு அது தான் ஊத்தின தண்ணின்னே அடையாளம் தெரியலையே! அதான் அந்த முகத்துல திருட்டுத்தனம் இல்ல. அவரு பொண்ணுக்காகக் கும்பிடு போடல, நல்ல சேதி சொன்னவளுக்குக் கும்பிடு போட்டாரு. பொங்கலுக்கு அப்புறம்னா, தை, மாசி, பங்குனி, வேணாம், எண்ணாத. எனக்கு இந்தக் காபி எதுல போட்டதுன்னு இப்பத்தான் உறைச்சுது. டம்ளரத் தூக்கிக் காட்டினேன். அவளே புரிஞ்சுக்கிட்டா. "இது லாரித் தண்ணிக்கா. வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியில போடுவமா? தனியா ஒரு குடம் புடிச்சி வெச்சோம்." அதுல ஒரு பெருமை அவளுக்கு. முந்தானைக்குள்ளருந்து கை வெளிய வந்துடுச்சு, பாத்துட்டேன். விரல் இடுக்குல தோல் வெடிச்சு, மேல தேங்காய் எண்ணெய் தடவியிருக்கா.

ஹாலுக்கு வந்தேன். எல்லார் கண்ணும் என் மேல. கோதண்டம் மாமா தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "இன்னாம்மா மங்கை, பேசிட்டியா? தட்டு மாத்த நாள் பாத்துடலாமா?"ங்கிறார். பரிதி தலையக் குனிஞ்சு சிரிக்கிறான். நான் போன எடுத்தேன். வெளிய போய்ப் பேசலாம், வாசல் வரைக்கும் போகலாம், போகல. அங்கயே நின்னு அடிச்சேன். ரிங் போகுது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம், சார் பேரனோட கிரிக்கெட் பாத்துட்டிருப்பார். எடுத்துட்டார்.

"என்ன மங்கை, பொண்ணு ஓக்கேவா?"

"சார், நாளைக்கு சுவிட்ச் போடக் கூடாது."

"விளையாடறியா? கலெக்டர் பேர் போட்டுக் கார்டு அடிச்சு ஊருக்கே குடுத்தாச்சு."

"பாறை இல்ல சார்."

"என்னது?"

"அங்க பாறை இல்ல. அது நான் இழுத்த கோடு சார், வெறும் கோடு. ஏரிக்கோடித் தெருவுக்கு விஷம் வந்தாச்சு. சுவிட்ச் போட்டா மொத்தமும் இங்க வரும். நான் எழுதிக் குடுக்கறேன், என் பேர்லயே குடுக்கறேன், நிறுத்துங்க சார்."

லாரியப் பத்தி நான் சொல்லல. சொல்லவே கூடாதுன்னுதான் கோடு, என் கோடுன்னு கத்தினேன். ஆனா ஹால்ல எல்லாருக்கும் கேட்டுடுச்சு. அம்மா என்னையும் பொண்ணையும் மாறி மாறிப் பாக்குறா. தட்சணாமூர்த்தி கட்டின கைய அவுத்தார். ஒரு அடி முன்னால வந்தார். அவருக்கு இப்ப கல்யாணம் ஞாபகத்துல இல்ல, மானம் ஞாபகத்துல இல்ல, யார் எதிர்ல நிக்கிறோம்னு இல்ல.

"கெணத்துல லாரித் தண்ணி ஊத்தினது நாங்கதாம்மா. அது எங்க தப்பு. ஆனா கம்ப்யூட்டரு அடியில பாக்கும்னு..." நின்னுட்டார். பொண்டாட்டியத் திரும்பிப் பாத்தார், மறுபடி என்னைப் பாத்தார். "அப்ப நாங்க இத்தினி நாளா குடிச்சிகினு இருக்கறது இன்னாம்மா?"

போன்ல சார் "மங்கை? ஹலோ? மங்கை?"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். லோகநாயகி வாய்ல முந்தானைய வெச்சு அழுத்திக்கிட்டாங்க. நிரோஷா ரூம் வாசல்ல நிக்கிறா, அவ அப்பா கேட்டதுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு என் வாயையே பாத்துக்கிட்டு. கையில இன்னும் அந்த லாரித் தண்ணிக் காபி இருக்கு, ஆறி, ஆடை படிஞ்சு. அவகிட்ட போய் டம்ளர அவ கையில வெச்சேன். பொண்ணு பாக்க வந்த எடத்துல என்னடி இதுன்னு அம்மா எழுந்து வர்றது காதுல விழுது.

"இத நீ குடி."

அவ அவங்கம்மாவப் பாத்தா. அப்புறம் நின்ன வாக்குல, ஆடையோட, ஒரே மூச்சுல குடிச்சா.